உடும்புப் பிடி வேண்டும், சரி. வாரத்தில் எந்த நாளில்?

டெட்லிஃப்டில், அதாவது தரையிலிருக்கும் எடையை நிமிர்ந்து நின்று தூக்குவதில், ஐந்தாவது ரெப் (ஐந்தாவது முறை). முதுகு தாங்குகிறது, தொடை தள்ளுகிறது, மூச்சும் மிச்சமிருக்கிறது. ஆனால் பார் (எடைத் தட்டுகள் மாட்டிய கம்பி) முழங்காலைத் தாண்டும்போது சுண்டுவிரல் மெல்லத் திறக்கிறது, அதன் பின்னாலேயே மோதிரவிரல். எடை தரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். எடை தூக்குகிற பலருக்கும் என்றாவது ஒருநாள் இது நடக்கும். அன்று மாலையே பிடி வலுவுக்கென்று தனியாக ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவும் கட்டிவிடுவார்கள்.

முடிவில் தப்பில்லை. அந்த 'ஏதாவது' வாரத்தில் எங்கே உட்காரும் என்பதில்தான் இடிக்கிறது. வழிகள் நாலு இருக்கின்றன. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது. பிடிக்கென்று ஒரு தனி நாள் ஒதுக்குவது. வழக்கமான பயிற்சிக்குள்ளேயே கலந்துவிடுவது. எடை தூக்கும் நாளின் கடைசியில் பத்து நிமிடம் ஒட்டிக்கொள்வது. நாலும் வேலை செய்யும். நாலும் ஆளைக் கவிழ்க்கவும் செய்யும். நான் மூன்றில் அடிபட்டு நாலாவதில் நிற்கிறேன் என்பதால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் ஒரு கணக்குப் போட வேண்டும். கை ஏற்கெனவே எவ்வளவு உழைக்கிறது? என் வாரத்தையே எடுத்துக்கொள்வோம். திங்கள் டெட்லிஃப்ட், செவ்வாய் பெஞ்ச் பிரஸ் (படுத்து எடையை மேலே தள்ளுவது), வியாழன் புல்-அப்பும் (கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது) ரோவும் (குனிந்து எடையை உடம்பை நோக்கி இழுப்பது), வெள்ளி ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது). டெட்லிஃப்டில் வார்ம்-அப்பையும் சேர்த்து 7 செட் (நடுவில் நிறுத்தாமல் செய்கிற சுற்று); ஒவ்வொன்றிலும் பார் கையில் இருப்பது சுமார் 20 விநாடி, ஆக 140. ருமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல் செய்கிற வகை) 3 செட், 40 விநாடி வீதம் 120. வியாழக்கிழமை புல்-அப் 4 செட், 30 விநாடி வீதம் 120. பார்பெல் ரோ 4 செட், 35 வீதம் 140. டம்பெல் ரோ கைக்கு 3 செட், 40 வீதம் 120. கூட்டினால் 640 விநாடி. பத்தரை நிமிடத்துக்கு மேல், அதுவும் கனமான எடையோடு, விரல்கள் இறுக்கிப் பிடித்தே இருந்திருக்கின்றன. பிடிக்கென்று எதுவுமே செய்யவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்த வாரம் இது.

கடிகாரத்தை வைத்து உங்கள் வாரத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். மூன்று நிமிடம்தான் வருகிறதென்றால் கைக்கு வேலை போதவில்லை, தாராளமாகச் சேர்க்கலாம். பத்து நிமிடத்தைத் தாண்டியும் பிடி நழுவுகிறதென்றால், வேலை போதாமல் நழுவுகிறதா, ஓய்வு போதாமல் நழுவுகிறதா என்று யோசிக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

கையின் அமைப்பும் கொஞ்சம் வித்தியாசமானது. விரல்களுக்குள் அவற்றை மடக்குகிற தசையே கிடையாது. பாரை இறுக்கிப் பிடிக்கிற பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் நுனி வரை ஓடுகின்றன. மணிக்கட்டில் எலும்பும் ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து அமைத்த குறுகலான சுரங்கம் ஒன்று உண்டு. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தசை வேகமாக வலுவடையும், தசைநாண் மெதுவாகத்தான் வரும். கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசைநாணில் கொலாஜன் என்ற புரதம் சிதைவதும் புதிதாக உருவாவதும் சேர்ந்தே நடக்கின்றன. முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் சிதைவின் கைதான் ஓங்கியிருக்கும். அதற்கப்புறமே உருவாக்கம் முந்துகிறது. முன்கையில் வலி இல்லை, அதனால் தயார் என்று நினைக்கிற நாளில் உள்ளே வேலை பாதியில்தான் நிற்கும்.

இன்னொன்று. இறுக்கிப் பிடிக்கும்போது மடக்குகிற தசைகள் மட்டும் உழைப்பதில்லை. மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிவிடாமல் இழுத்து நிறுத்த முன்கையின் பின்புறத் தசைகளும் சேர்ந்து இறுகுகின்றன. அவை தொடங்குமிடம் முழங்கையின் வெளிப்புற எலும்பு. மடக்கும் தசைகள் பலவும் உள்புற எலும்பில் தொடங்குகின்றன. டென்னிஸே ஆடாதவருக்கு டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க வலி) வருவதும், கோல்ஃப் மட்டையைத் தொடாதவருக்குக் கோல்ஃபர்ஸ் எல்போ (உள்பக்க வலி) வருவதும் இப்படித்தான்.

இப்போது தினமும் செய்கிற வழிக்கு வருவோம். நான் அதில்தான் தொடங்கினேன். மேசைமேல் ஒரு ஸ்பிரிங் கிரிப்பர், கையால் அமுக்கி மூடுகிற கருவி. போனில் பேசும்போது இருபது, கம்ப்யூட்டர் திறக்கும் நேரத்தில் இருபது, சும்மா இருக்கும்போது முப்பது. முதல் இரண்டு வாரம் அருமையாகப் போயிற்று. முன்கை புடைத்தது, கிரிப்பர் எளிதாக மூடியது, கை குலுக்கியவர்கள் முகம் சுளித்தார்கள். நாலாவது வாரம் காலையில் துண்டைப் பிழியும்போது முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்தியதுபோல் ஒரு வலி. அந்தத் திங்களன்று, வழக்கமாக 140 கிலோவை ஐந்து முறை தூக்குகிற கை 120லேயே திறந்துகொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வலி முழுக்கப் போக இரண்டரை மாதம் ஆயிற்று. அதில் பாதி நாட்கள் புல்-அப்பே இல்லை.

அதற்காகத் தினசரி முறையையே தப்பென்று சொல்லிவிட முடியாது. எடை தூக்காதவர், தன்னால் முடிந்ததில் பாதி கனத்தில், களைப்படைவதற்கு வெகு முன்பே நிறுத்திக்கொண்டால் நன்றாகவே பலன் கிடைக்கும். என்னைப்போல் வாரத்தில் இரண்டு நாள் (டெட்லிஃப்ட் ஒரு நாள், புல்-அப்பும் ரோவும் ஒரு நாள்) முதுகுப் பயிற்சி செய்கிறவருக்குத்தான் இது ஒத்துவராது. அவருடைய கைக்கு வாரத்தில் ஓய்வு நாளென்று ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

கிரிப்பரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பிரிங் ஆனதால் மூட மூட இறுக்கம் ஏறும். கடைசி சில மில்லிமீட்டர்தான் அதன் உண்மையான கனம். அங்கே வேலை முழுக்க நாலு விரலுக்கு. கட்டைவிரலின் அடிப்பகுதி ஒரு முட்டுக்கொடுப்பு, அவ்வளவுதான். டெட்லிஃப்ட் பாரில் நடப்பது வேறு. விரல்கள் மூடியே இருக்கின்றன, பார் உருண்டு அவற்றைத் திறக்கப் பார்க்கிறது, கட்டைவிரல் பூட்டுப் போட்டதுபோல் மேலே நின்று தடுக்கிறது. ஒன்று நசுக்குகிற வலு, மற்றது தாங்குகிற வலு. கிரிப்பரில் ஒரு படி ஏறியதால் டெட்லிஃப்ட் பிடி ஏறும் என்று நம்பி நாள்களைச் செலவழிக்க வேண்டாம். கிரிப்பரே லட்சியம் என்றால் அது வேறு விஷயம். அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் கிரிப்பர் வரிசையில், மூடத் தேவையான வலு 1ஆம் எண்ணுக்கு 140 பவுண்டு, 2ஆம் எண் 195, 3ஆம் எண் 280, 4ஆம் எண் 365. எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்தாலே அது ஒரு தனி விளையாட்டு என்று புரியும்.

பிடி வலு இருந்தால் ஆயுள் கூடும் என்று படித்துவிட்டுத் தினமும் கிரிப்பரை அமுக்குகிறவர்களும் உண்டு. 2015இல் லான்செட் இதழில் வந்த பியூர் ஆய்வு 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் பிடியை அளந்தது. பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு வாய்ப்பு 16 சதவீதம் வீதம் கூடுதலாக இருந்தது. உடம்பு முழுக்க எவ்வளவு தெம்பு இருக்கிறது என்பதைப் பிடி காட்டிக்கொடுக்கிறது, அதுதான் விஷயம். வெப்பமானியை ஐஸில் வைத்தால் காய்ச்சல் குறைந்துவிடுமா? ஆயுள்தான் நோக்கம் என்றால் ஸ்குவாட்டும் நடையும் தூக்கமும் முன்வரிசையில் நிற்கட்டும்.

பிடிக்கென்று தனி நாள் ஒதுக்குவது போட்டியாளர்களின் வழி. கை புதிதாக இருக்கும், முழுக் கவனமும் கிடைக்கும், ஒவ்வொரு வகைப் பிடிக்கும் நேரம் இருக்கும். தாமஸ் இஞ்ச் என்ற ஆங்கிலேயப் பலசாலியின் பெயரில் ஒரு டம்பெல் உண்டு. எடை 172 பவுண்டு, ஏறக்குறைய 78 கிலோ. அந்த எடையை டெட்லிஃப்டில் தூக்க ஆரம்ப நிலையில் இருப்பவருக்கே முடியும். ஆனால் இந்த டம்பெலின் பிடி கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் பருமன். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொடவே தொடாது. ஒற்றைக் கையால் தரையிலிருந்து அசைப்பதற்குள் கை பிளந்துகொள்ளும். இப்படி ஒன்றைக் குறிவைத்து உழைக்கிறவருக்குத் தனி நாள் இல்லாமல் முடியாது.

மற்றவர்களுக்கு அந்த நாளை எங்கே செருகுவது? என் வாரத்தில் வைத்துப் பாருங்கள். திங்கள் டெட்லிஃப்ட், வியாழன் புல்-அப். நடுவே புதன்கிழமை காலியாக இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் புதனில் வைத்தால் வியாழனுக்கு 24 மணி நேரம்தான். சனிக்கிழமை வைத்தால் வியாழனிலிருந்து 48 மணி நேரம், மறுபடி திங்களுக்கு 48. எப்படி வைத்தாலும் இரண்டு முதுகு நாளுக்கு நடுவே ஒரு குழி விழுகிறது. வாரத்துக்கு மூன்று முறை கை கடுமையாக உழைக்கிறது என்றாகிவிடும். முதுகுப் பயிற்சியை வாரத்துக்கு ஒன்றாகக் குறைக்கத் தயாராக இருக்கிறவர் இதை எடுத்துக்கொள்ளலாம். நான் ஆறு வாரம் முயன்றேன்; பிடி ஏறியது, முதுகு இறங்கியது. எனக்கு அந்த வியாபாரம் கட்டுப்படியாகவில்லை.

பயிற்சிக்குள்ளேயே கலப்பதுதான் கேட்க மிக எளிமையான வழி. ஸ்ட்ராப்பை (மணிக்கட்டையும் பாரையும் சேர்த்துக் கட்டுகிற பட்டையை) தூக்கிப் போட்டுவிடு, எல்லாவற்றையும் வெறுங்கையால் பிடி, பிடி தானாக வரும். ஓரளவு உண்மைதான். இரண்டு கையையும் மேல்பக்கமாக வைத்துப் பிடித்து, தாங்குகிற எடை வரை அப்படியே போய், அதற்கு மேல்தான் வேறு ஏற்பாடு என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் நல்ல மாற்றம் தெரியும். செலவும் இல்லை, கூடுதல் நேரமும் இல்லை.

சிக்கல் எங்கே என்றால், எந்தத் தசைக்காக அந்தப் பயிற்சியைச் செய்கிறோமோ அது பட்டினி கிடக்கிறது. ரோவில் எட்டாவது ரெப்பில் கை விட்டுவிட்டால், பன்னிரண்டு வரை போகத் தயாராக இருந்த முதுகுக்கு அன்று அரைச் சாப்பாடு. பாரில் ரப்பர் உறை மாட்டித் தடிமனாக்கிக்கொண்டால் இது இன்னும் மோசம். ஆண்கள் பளுதூக்கும் பாரின் விட்டம் 28 மில்லிமீட்டர், பெண்களுடையது 25. உறையோடு பார் 50 மில்லிமீட்டருக்குப் போனதும் நான் 80 கிலோவில் செய்துகொண்டிருந்த ரோ 55க்கு வந்து நின்றது. கைக்கு நல்ல வேலை, முதுகுக்கு வார்ம்-அப். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கப் போய் ஒன்றும் விழாத கதைதான். கலப்பதென்றால் வார்ம்-அப் செட்டுகளிலும் எடை குறைந்த கடைசிச் செட்டிலும் மட்டும் கலக்கலாம். கனமான செட்டில் வேண்டாம்.

எதிர்முனையில் ஸ்ட்ராப். அதை ஊன்றுகோல் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பலசாலிப் போட்டியாளர்களான எடி ஹால் 2016இல் டெட்லிஃப்டில் 500 கிலோ தூக்கியதும், 2020இல் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 501 தூக்கியதும் ஸ்ட்ராப்போடுதான். 2011இல் பெனடிக்ட் மேக்னுசன் ஸ்ட்ராப் இல்லாமல் 460 தூக்கினார். இரண்டும் பெரிய விஷயம், இரண்டும் வேறு வேறு சோதனை. பவர்லிஃப்டிங் போட்டியில் ஸ்ட்ராப் கூடாது, ஒலிம்பிக் பளுதூக்குதலிலும் கூடாது. அங்கே போகிறவர் வெறுங்கையைத் தயார் செய்தே தீர வேண்டும். போட்டிக்குப் போகாதவருக்கு ஸ்ட்ராப் என்பது கைக்கு ஓய்வு கொடுக்கிற கருவி. திங்களன்று கடைசி இரண்டு டெட்லிஃப்ட் செட்டுக்கும் ருமேனியனுக்கும் ஸ்ட்ராப் கட்டினால், மேலே போட்ட கணக்கில் 160 விநாடி கைமேல் இருந்து கழிகிறது. அந்தக் கழிவு இருப்பதால்தான் தனிப் பயிற்சிக்கு இடமே கிடைக்கிறது.

ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகப் பிடிப்பது இன்னொரு வழி. பார் உருளாது, உடனே எடை ஏறும். ஆனால் உள்ளங்கை முன்னே பார்க்கிற பக்கத்தில், முழங்கையைக் கொஞ்சம் மடக்கி இழுத்தால் பைசெப்ஸ் தசைநாண் அறுந்துபோகிற ஆபத்து இருக்கிறது. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டுகிற ஹூக் கிரிப் பாதுகாப்பானது. முதல் மாதம் கட்டைவிரல் அழ வைக்கும், அப்புறம் பழகிவிடும்.

சரி, நான் நிற்கிற இடம்: எடை தூக்கும் நாளின் கடைசி. அதிலும் எந்த நாள் என்று ஒரு உட்கேள்வி உண்டு. பெஞ்ச் பிரஸ் நாளில் கை புதிதாக இருக்குமே, அன்று செய்தால் என்ன என்று தோன்றும். செவ்வாய் செய்தால் வியாழனுக்கு இரண்டு நாள்தான், அதுவும் திங்களின் களைப்பு தீரும் முன்பே. திங்கள் டெட்லிஃப்ட் முடிந்த கையோடு செய்தால் வியாழன் வரை 72 மணி நேரம் கைக்கு. வியாழன் கடைசியில் இன்னொரு முறை செய்தால் திங்கள் வரை 96. அடிபட்ட கையையே இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு, பிறகு முழுசாக விட்டுவிடுவது. களைத்த கையால் பெரிய எடை பிடிக்க முடியாது, கிரிப்பரில் சாதனை எதுவும் நடக்காது. அந்த நஷ்டத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை ஸ்குவாட்டில் பாரைத் தோளில் தாழ்வாக வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அந்த நிலை முழங்கையையும் மணிக்கட்டையும் நன்றாகவே படுத்தும். வியாழன் பிடிப் பயிற்சியை அவர்கள் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன? திங்களன்று பாரை முழங்கால் உயரத்தில் ரேக்கில் (பாரைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தில்) வைத்து, இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி அப்படியே பிடித்து நிற்பது. 15 விநாடி, மூன்று முறை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. மூன்று முறையும் 20 விநாடியைத் தொட்டால் அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டலாம். விரல்கள் திறக்கும்வரை போகக் கூடாது. இன்னும் மூன்று விநாடி தாங்கும் என்று தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும். வியாழனன்று கட்டைவிரலுக்கு: 10 கிலோ தட்டு இரண்டைச் சேர்த்து, வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி, விரலும் கட்டைவிரலுமாக இடுக்கிப் பிடிப்பது. கைக்கு மூன்று முறை, 10 முதல் 15 விநாடி. இரண்டு நாளும் முடிவில் ஐந்து விரல் நுனியிலும் தடித்த ரப்பர் பேண்டை மாட்டி 25 முறை விரிப்பது. இந்தக் கடைசிப் பயிற்சியைச் செய்யச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். முழங்கையின் வெளிப்பக்கம் ஒருமுறை வலித்தவர் சிரிக்கமாட்டார்.

காய்ப்பையும் கவனிக்க வேண்டும். பாரை உள்ளங்கையின் நடுவில் வைத்து மூடினால், தூக்கும்போது அது விரலடிக்கு வழுக்கி வரும்; வழியில் தோலை மடித்துக்கொண்டு வரும். அந்த மடிப்புதான் காய்ப்பாகி ஒருநாள் கிழியும். விரல் தொடங்குகிற கோட்டிலேயே பாரை வைத்தால் மடிப்பு குறைவு. குளித்த பிறகு நுரைக்கல்லால் (பியூமிஸ்) காய்ப்பைத் தேய்த்துத் தட்டையாக வைத்துக்கொள்ளலாம். கிழிந்த உள்ளங்கை ஒரு வாரத்தைத் தின்றுவிடும், எந்தத் திட்டத்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஓய்வு போதுகிறதா என்று அறிய, கையில் பிடித்து அமுக்கும் டைனமோமீட்டர் இருந்தால் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வைக்கலாம். இல்லாதவர்களுக்கு வியாழன் முதல் செட்டே போதும். பாரில் தொங்கும்போது வழக்கமாக வராத எரிச்சல் இரண்டாவது ரெப்பிலேயே முன்கையில் வந்தால், அன்று ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு பிடிப் பயிற்சியை விட்டுவிடுகிறேன். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, எரிச்சல் வந்தாலும் வராவிட்டாலும், பிடிப் பயிற்சிக்கு முழு வாரம் விடுமுறை. காலையில் விரல் மடங்கியபடி சிக்கிக்கொண்டு டக்கென்று விடுபடுவது, இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போவது: இந்த இரண்டும் ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்கிற ரகமல்ல. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எடை தூக்கத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர் இந்த நாலு வழியில் எதையும் எடுக்க வேண்டியதில்லை. மெக்னீசியம் கார்பனேட் பொடியைக் கையில் தடவிக்கொண்டு, வெறுங்கையால் பாரைப் பிடித்துக்கொண்டிருந்தால் பிடி வாராவாரம் ஏறிக்கொண்டே போகும். அது நின்றுபோகிற வாரத்தில் கடிகாரத்தை எடுத்து விநாடிகளை எண்ணத் தொடங்கினால் போதும்.